சட்டி சொல்லும் சாட்சி

மன்னர்கள் தம் வரலாற்றைக் கல்லிலே வெட்டினர்; மதத் தலைவர்கள் ஏட்டிலே எழுதினர்; மக்கள் எங்கே எழுதினர்? அடுப்பங்கரையிலே எழுதினர்! சட்டியிலும் பானையிலும், உப்பிலும் மிளகிலும் எழுதினர். கல்லெழுத்தைப் படிக்க ஆய்வாளர் உளர். ஏட்டெழுத்தைப் படிக்கப் புலவர் உளர். சட்டியின் எழுத்தைப் படிப்பார்தாம் அரியர். வகுப்பறையிலே வரலாறு நடத்தும் நாங்களும் போர்களை அடுக்குகிறோம், பட்டங்களை அடுக்குகிறோம். எந்தப் பேரரசன் எந்த ஆண்டில் முடிசூடினான் என்று மாணவரைக் கேட்கிறோம். அந்தப் பேரரசனுக்கு அன்று சமைத்துப் போட்டவர் யார் என்று கேட்பதே இல்லை. கேட்டால் என்ன? இன்று கேட்போம்.

ஒரே ஒரு சட்டியை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கோடியிலே, அட்லாண்டிக் கடலுக்கும் சகாராப் பாலைக்கும் நடுவே கிடக்கும் மொராக்கோ நாட்டுச் சட்டி. 'தஜீன்' என்பது அதன் பெயர். அடியிலே அகன்ற, ஆழமில்லாத மண்தட்டு. மேலே கூம்பாக உயர்ந்த மூடி. மூடியின் உச்சியிலே கைபிடிக்க ஒரு குமிழ். சட்டிக்கும் அதுவே பெயர், அதிலே வேகும் குழம்புக்கும் அதுவே பெயர். செம்மறிக்கறியைச் சிறுதீயிலே மணிக்கணக்கில் வைத்துக் கனியச் செய்யும் உணவு அது. ஃபெஸ் நகரத்து வீடொன்றிலே அந்த மூடியைத் திறந்தால் மணம் மட்டுமா எழுகிறது? ஈராயிரம் ஆண்டு வரலாறன்றோ ஆவியாக எழுகிறது! 'தூய்மை, தூய்மை' என்று துள்ளுவோர் முகத்திலே அந்த ஆவி அடிக்கிறது. அது சொல்லும் சாட்சியம் என்ன என்பதே இக்கட்டுரை.

கறி கனியும் விதம்

அடுப்பை அறியாதவன் செய்யும் ஆராய்ச்சி அரைவேக்காடு. ஆகையால் முதலில் சமையலைப் பார்ப்போம்.

ஒரு கிலோ செம்மறிக்கறி. மெல்லிய கறியன்று, தோள், கழுத்து, முன்னங்கால் என உழைத்து உழைத்து இறுகிய பகுதிகள். துருவிய பெரிய வெங்காயம் இரண்டு. ஆலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, மிளகுப்பொடி ஒரு தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, குங்குமப்பூ ஒரு சிட்டிகை, விரல் நீளப் பட்டை ஒன்று, அளவாக உப்பு. இவற்றைக் கறியோடு பிசைந்து, சட்டியிலே பரப்பி, இரண்டு குவளை நீர் விட்டு, மூடியிட்டுக் குமுட்டி அடுப்பின் தணலிலே ஏற்றுவர். இரண்டரை மணி, மூன்று மணி நேரம் தணல் ஏறாமலும் அணையாமலும் காப்பர். கறி எலும்பை விட்டுக் கழலும் பதம் வந்ததும், உலர்ந்த பிளம் பழம் 200 கிராம், தேன் இரண்டு கரண்டி, பட்டைப்பொடி சிறிதளவு சேர்த்து, குழம்பு பளபளக்கும்வரை சுண்டவிடுவர். மேலே பொரித்த பாதாமும் வறுத்த எள்ளும் தூவுவர். அவ்வளவே!

இதிலே மந்திரமில்லை, மாயமில்லை. 'கைராசி' என்று வியக்கவும் இடமில்லை. காரணமும் காரியமும் உண்டு. உழைத்த தசையை இறுகப் பிடித்திருப்பது கொல்லாஜன் என்னும் புரதம். பெருந்தீயிலே வாட்டினால் அது சுருங்கித் தோலாகிப் பல்லுக்குப் பகையாகும். நீரும் சிறுசூடும் நெடுநேரமும் சேர்ந்தால், அதே கொல்லாஜன் அவிழ்ந்து ஜெலட்டினாகிக் குழம்பிலே கரைகிறது. கறி பஞ்சாகிறது, குழம்பு கொழுகொழுப்பாகிறது. எழும் ஆவி கூம்பு மூடியின் உட்புறத்திலே மோதிக் குளிர்ந்து, துளித்துளியாகச் சட்டிக்கே திரும்புகிறது; ஆகவே இரண்டு குவளை நீர் போதும். மண் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்லக் கொடுக்கும். பொறுமையற்ற நெருப்புக்கு மண் பொறுமை கற்பிக்கிறது எனலாம். கைப்பிடிக் கரியிலே காரியம் முடிகிறது. கடித்தால் கடிபடாத கறி, கொஞ்சம் நீர், கொஞ்சம் கரி: இல்லாமையிலே பிறந்த அறிவு இது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே இதனைச் செய்து பார்த்தேன். கூம்பு மூடிக்கு எங்கே போவது? ஊர்ச் சந்தையில் வாங்கிய மண்சட்டியை இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, மேலே தட்டிட்டு, விளிம்பைப் பிசைந்த மாவால் ஒட்டி, அடுப்பைத் தணித்துவைத்தேன். பிளம் பழத்துக்குப் பதில் பேரீச்சம்பழம். மூன்று மணி நேரங்கழித்துத் திறந்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா ஒரு வாய் உண்டு பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "மிளகு நம்முடையது, சுக்கு நம்முடையது, மஞ்சள் நம்முடையது, இதிலே அயல்நாடு எங்கேடா இருக்கிறது?"

அந்தக் கேள்விதான் என்னை ஏடுகளைப் புரட்ட வைத்தது. அம்மா கேட்டது விளையாட்டன்று, வரலாறு!

பல நாட்டுப் பிள்ளை

வட ஆப்பிரிக்காவின் பழங்குடி மக்கள் அமாசிகர். வெளியார் அவர்களைப் 'பெர்பர்' என்று அழைத்தனர். ரோமானியர் வருமுன்பே, அரபியர் வருமுன்பே, அந்த மலைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் ஆடு மேய்த்து, தானியம் விளைத்து, மண்கலம் வனைந்து வாழ்ந்தவர்கள். அரபுப் படைகள் ஏழாம் நூற்றாண்டிலே வந்தன. துனீசியாவிலே கைரவான் நகரை 670-ல் அமைத்தன. அமாசிகரின் அடுப்பும் அரபியரின் மொழியும் கலந்தன. சரி, 'தஜீன்' என்னும் சொல் அரபுச் சொல்தானே என்பீர். அரபு மொழி வழியாக வந்தது உண்மை. அரபு மொழிக்கோ அது கிரேக்கத்திலிருந்து வந்தது. 'தாகேனான்' என்றால் கிரேக்க மொழியிலே வறுக்கும் சட்டி! ஆகச் சட்டியின் பெயரே இரண்டு கடல் தாண்டிய பெயர்.

கறியோடு பழத்தை வேகவைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பாரசீகத்தைக் கேளுங்கள். பாரசீக அரண்மனையிலே புளிப்பும் இனிப்பும் கலந்த கறிவகைகள் பெயர் பெற்றிருந்தன. அந்த நாகரிகத்தை வென்ற அரபியர், அதன் சமையலிடம் தோற்றனர்! 762-ல் எழுந்த பாக்தாது நகரம் பாரசீகச் சுவையைத் தன் சுவையாக ஏற்றது. 1226-ல் முகம்மது அல் பாக்தாதி என்பவர் அந்நகரிலே எழுதிய சமையல் நூலிலே, ஆட்டுக்கறியை உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தோடு வேகவைக்கும் முறை இருக்கிறது. அந்நூலின் பல உணவுகளுக்குப் பெயரே பாரசீகப் பெயர். அந்தச் சுவை மேற்கே நடந்தது, எகிப்தைக் கடந்தது, துனிசைக் கடந்தது, கடல் தாண்டி, அரபியர் ஆண்ட ஸ்பெயின் வரை சென்றது.

அங்கே, முர்சியா நகரிலே, இபின் ராசின் அத்துஜீபி என்னும் அறிஞர் பிறந்தார். அவருடைய இளமையிலேயே முர்சியா காஸ்தில் மன்னர் வசமாயிற்று. நாடு துறந்தார், கடல் கடந்தார், ஊர் ஊராக அலைந்து துனிஸ் நகரிலே தங்கினார். ஏறத்தாழ 1260-ஆம் ஆண்டிலே, அகதியாய் அமர்ந்து அவர் எழுதிய நூல் என்ன? போர்ப்பரணியா? புலம்பலா? இல்லை, 400-க்கும் மேற்பட்ட சமையல் முறைகளைக் கொண்ட ஒரு பெருநூல்! நாடு பறிபோயிற்று, நாவின் நினைவு பறிபோகவில்லை. வாளால் பறிக்க முடியாத சொத்து அது என்று அறிந்து, அதனை ஏட்டிலே பத்திரப்படுத்தினார் அந்த அகதி.

இப்போது சட்டியை மீண்டும் பாருங்கள். வனைந்த கை அமாசிகர் கை. பெயர் கிரேக்கர் கொடுத்தது, அரபியர் கொணர்ந்தது. பழம் சேர்க்கும் பக்குவம் பாரசீகம் தந்தது, பாக்தாது வளர்த்தது, ஸ்பெயின் அகதிகள் சுமந்து வந்தது. மொராக்கோ வீடுகளில் இன்னொரு நாள் தஜீனிலே தக்காளி போடுவார்களே, அது கொலம்பசுக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இத்தனைக்கும் பிறகு, "இது கலப்பற்ற எங்கள் குலத்து உணவு" என்று எவனேனும் மார்தட்டினால், சிரிக்காமல் என்ன செய்வது?

சாட்சிக் கூண்டிலே சட்டி

சிரிக்கத்தக்க அந்தத் தூய்மைப் பித்து, சிரிக்க முடியாத கொடுமையாக மாறியதும் உண்டு. ஸ்பெயினைக் கேளுங்கள்.

1478-ல் அந்நாட்டிலே 'இன்குவிசிஷன்' என்னும் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. கிறித்துவராக மாறிய யூதர், மனத்தாலும் மாறினரா என்று உளவு பார்ப்பது அதன் வேலை. மனத்தை எப்படி உளவு பார்ப்பது? அடுப்பை உளவு பார்த்தார்கள்! யூதர் சனிக்கிழமை நெருப்பு மூட்டார். ஆகவே வெள்ளியன்று பொழுது சாயுமுன்பே கறியும் கடலையும் சட்டியிலிட்டு, தணலிலே புதைத்து, இரவெல்லாம் வேகவிட்டு, மறுநாள் உண்பர். 'அதஃபினா' என்று அதற்குப் பெயர். நம் தஜீனுக்குத் தமக்கை முறை எனலாம். அதே மண், அதே தணல், அதே பொறுமை. அந்தச் சட்டி ஒரு வீட்டிலே வேகிறது என்று வேலைக்காரி சொன்னால் போதும், அண்டைவீட்டார் சொன்னால் போதும், குற்றச்சாட்டு எழுந்துவிடும். பன்றிக்கொழுப்பை விடுத்து எண்ணெயிலே வெங்காயம் வதக்குவதையே பழியாக எழுதி வைத்தார், அக்காலத்துப் பாதிரியார் பெர்னால்தெஸ்.

என்னே கொடுமை! குழம்பு வைத்தது குற்றம்! எண்ணெய் ஊற்றியது எதிர்ப்பு! சட்டி, சமைத்தவளுக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

1492-ல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டில், மதம் மாறாத யூதர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென ஆணை பிறந்தது. பிறகு முஸ்லிம்களின் முறை. கட்டாயமாகக் கிறித்துவராக்கப்பட்ட அவர்களுக்கு 1567-ல் ஓர் ஆணை: அரபு மொழி பேசாதே, அரபு உடை உடுக்காதே! அதுவும் போதாதென்று, 1609 முதல் 1614 வரை அவர்களை நாட்டைவிட்டே துரத்தினர். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். ஃபெசும் தெத்துவானும் துனிசும் அவர்களுக்குக் கதவு திறந்தன. அவர்கள் கொண்டுவந்தது என்ன? வீட்டுச் சாவி சிலரிடம், கைத்தொழில் பலரிடம், சமையல் எல்லாரிடமும். முந்தைய அகதியின் மக்களும் புதிய அகதியின் மக்களும் ஒரே சந்தையிலே கறி வாங்கினர். மொராக்கோ யூதரின் வீட்டிலே வெள்ளி இரவு முழுதும் தணலிலே கிடந்த சட்டி, இம்முறை எவருக்கும் எதிராகச் சாட்சி சொல்லவில்லை.

மிளகு போன வழி

அம்மாவின் கேள்விக்கு வருவோம். மிளகு எவ்வழி போயிற்று?

எகிப்து நாட்டின் செங்கடற்கரையிலே பெரனிகே என்றொரு பழந்துறைமுகம். ரோமானியர் காலத்துத் துறை. மணல் மூடிக் கிடந்த அவ்வூரை அகழ்ந்தபோது, கோவில் முற்றத்திலே புதைந்திருந்த ஒரு பெருஞ்சாடியில் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்தது, கி.பி. முதல் நூற்றாண்டு மிளகு. சாடியும் இந்தியச் சாடி. மிளகு விளைந்தது மேற்கு மலைச் சாரலில், அந்நாள் சேரநாட்டில். பெரனிகேக்கு வடக்கே குசேர் அல் காதிம் என்னும் இன்னொரு பழந்துறை. அங்கே கிடைத்த ஓர் உடைந்த ஓட்டிலே தமிழ்ப் பிராமி எழுத்து இருந்தது. அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதனைப் படித்தார். என்ன எழுதியிருந்தது தெரியுமா, தோழர்களே? 'பானை ஒறி', உறியிலே தொங்கவிடும் பானை என்பது பொருள். ஆப்பிரிக்கக் கரையிலே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன், ஒரு தமிழன் தன் பானைமீது 'பானை' என்று எழுதி வைத்திருக்கிறான்! கடல் தாண்டினால் குலம் கெடும் என்று பிற்காலத்தார் எழுதி வைத்த விதி, பாவம், அவனுக்குத் தெரியாது.

ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்த வழி அடையவில்லை. துனீசியாவின் மஹ்தியா நகரிலே பிறந்த ஆபிரகாம் பென் யிஜூ என்னும் யூத வணிகர், 1132 முதல் 1149 வரை நம் மேற்குக் கரையிலே, பெரும்பாலும் மங்களூரிலே வாழ்ந்தார். மிளகும் பிற சரக்கும் ஏடன் துறைக்கு அனுப்பினார்; அங்கிருந்து காகிதமும் சர்க்கரையும் உலர்திராட்சையும் அவருக்கு வந்தன. ஆஷு என்னும் அடிமைப் பெண்ணை அவர் விடுதலை செய்த சீட்டு 1132-ல் எழுதப்பட்டது; அவளையே மனைவியாகக் கொண்டார் என்பது ஆய்வாளர் கருத்து. இந்தச் செய்திகள் எல்லாம் கெய்ரோவின் பழைய யூத ஆலயத்துக் காகிதக் குவியலிலே கிடைத்தவை. தஜீன் வேகும் நாட்டின் மகன், மிளகு விளையும் நாட்டின் மகளை மணந்தான்! கலப்பு சட்டியோடு நிற்கவில்லை, குருதியிலும் உண்டு.

உடைத்த கலமும் பகிர்ந்த கலமும்

பிறகு வந்தார் இபின் பதூதா. மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலே 1304-ல் பிறந்தவர். 1325-ல் ஊரைவிட்டுப் புறப்பட்டு உலகைச் சுற்றியவர். 1340-களிலே மலையாளக் கரைக்கு வந்தார். மிளகுக்கொடியைத் தன் கண்ணால் பார்த்தார். அவர் எழுதியது பகுத்தறிவாளர் படித்து மகிழத்தக்கது. மிளகைத் தீயிலே வறுப்பதால்தான் அது சுருங்கிக் கறுக்கிறது என்று தம் நாட்டார் நம்புவதாகவும், அது பிழை என்றும், பாயிலே பரப்பி வெயிலிலே காயவைப்பதாலேயே அப்படி ஆகிறது என்றும் எழுதினார். கேட்டதை நம்பவில்லை, கண்டதை எழுதினார்!

அதே கண், இன்னொன்றையும் கண்டது. அந்நாட்டு வழக்கப்படி முஸ்லிம் ஒருவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவர்கள் கலத்திலே உண்ணக்கூடாது. உண்டுவிட்டால் அந்தக் கலத்தை உடைத்துவிடுவார்கள், அல்லது அவனுக்கே கொடுத்துவிடுவார்கள். வழிப்போக்கனுக்கு வாழையிலையிலே சோறிட்டுக் குழம்பு ஊற்றுவார்கள். மிச்சம் நாய்க்கும் காக்கைக்கும். சாலைதோறும் கிணறும் தண்ணீர்ப்பந்தலும் இருந்தன; ஆனால் அயலானுக்குக் கலத்திலே நீர் தராமல் கையிலே ஊற்றினர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவன் நாட்டுச் சட்டியிலே நம் மிளகு நுழையலாம். நம் நாட்டுச் சட்டியிலே அவன் கை நுழையக்கூடாது! மிளகுக்குத் தீட்டில்லை, மிளகு விற்ற காசுக்குத் தீட்டில்லை, மனிதனுக்கு மட்டும் தீட்டு! அயலானுக்கு நேர்ந்தது இது. அந்த மண்ணிலேயே பிறந்து அந்த மண்ணையே உழுதவனுக்கு நேர்ந்ததோ இதனினும் கொடிது. உடைப்பதற்கு ஒரு கலம் தேவைப்படாத தொலைவிலேயே அவனை நிறுத்திவிட்டார்களே!

அந்தப் பயணியின் நாட்டிலே உண்ணும் முறை எப்படி? தஜீன் அடுப்பிலிருந்து நேரே நடுவீட்டுக்கு வருகிறது. தாழ்ந்த வட்டமேசை, நடுவே ஒரே சட்டி. ஒருவர் குடத்து நீரைச் சாய்க்க எல்லாரும் கைகழுவுவர். பிறகு ரொட்டியைப் பிய்த்து, அவரவர் தமக்கு நேரே உள்ள பகுதியிலே தோய்த்து உண்பர். கறி நடுவிலே இருக்கும். காய்கறியும் குழம்பும் உண்ட பிறகே கறிக்குக் கை போகும். விருந்தினன் வந்தால் தனிக்கலம் தேடார். சற்று நகர்ந்து இடம் தருவர். ஒரு சட்டி, பல கை. சட்டி உடையவில்லை, குலமும் கெடவில்லை!

சட்டிக்குப் பின்னால் நின்றவள்

அப்படியானால் அந்நாடு சமத்துவத்தின் சொர்க்கமோ என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஊரார் குற்றத்தை மட்டும் உரக்கச் சொல்லி, தனக்குப் பிடித்தவர் குற்றத்தை மறைப்பது பகுத்தறிவாகாது.

மொராக்கோ மாளிகைகளிலே புகழ்பெற்ற சமையற்காரிகளைத் 'தாதா' என்று அழைப்பர். யார் அவர்கள்? சகாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பினப் பெண்களும் அவர்கள் வழிவந்தோரும். விருந்தினர் வியந்த குழம்பு அவள் கையில் வெந்தது; அவள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இபின் பதூதாவே தம் பயணத்திலே அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கியவர்தாம். கலத்தை உடைத்தவரைக் கண்ட அவருடைய கண், தம் பின்னால் நின்ற அடிமையைக் காணவில்லை. துனீசியாவின் ஆட்சியாளர் அகமது பே 1846-ல் அடிமை முறையை ஒழித்தார், பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் ஒழித்ததோ 1848-ல்தான், அமெரிக்காவிலே 1865-ல்தான். ஆப்பிரிக்க மண்ணே வழிகாட்டிற்று என்பது உண்மை. அதுவரை அந்த மண்ணிலே அடிமை இருந்தாள் என்பதும் உண்மை.

வீட்டுப் பெண்ணின் நிலை என்ன? பழைய வழக்கத்துப் பெருவிருந்துகளிலே ஆடவர் முதலில் உண்பர். ஆக்கியவளும் பிள்ளைகளும் பின்னர் உண்பர். மூன்று மணி நேரம் தணல் காத்தவளுக்கு மிஞ்சிய குழம்பு! 'சமையல் பெண்ணுக்கே உரியது. ஆணுக்கு வராது' என்பாரும் அங்கே உண்டு. அவர்களுக்கு மறுமொழி அவர்கள் நாட்டிலேயே இருக்கிறது. மராக்கெஷ் நகரத்துக் கைவினைத் தொழிலாளர், விடுமுறை நாளிலே, குறுகிய கழுத்துடைய ஒரு மண்குடத்திலே கறியும் பூண்டும் ஊறவைத்த எலுமிச்சையும் சீரகமும் இட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, பொதுக் குளியலகத்தின் உலையறையிலே, சூடான சாம்பலிலே புதைத்துவிடுவர். மணிக்கணக்கில் அது அங்கேயே வேகும். 'தன்ஜியா' என்பது அதன் பெயர். முற்றிலும் ஆடவர் சமையல்! அவனுக்குச் சமைக்க வருகிறது. அன்றாடம் சமைக்கத்தான் மனம் வருவதில்லை.

ஆகவே ஒன்று சொல்வேன். நிதானமாக வேகட்டும் என்பது கறிக்கு நீதி. காலமெல்லாம் வேகட்டும் என்பது பெண்ணுக்கு அநீதி! மொராக்கோ வீடுகள் பலவற்றிலே குக்கர் நுழைந்துவிட்டது. மூன்று மணி வேலை ஒரு மணியில் முடிகிறது. அடுப்படியிலே மிச்சமாகும் இரண்டு மணி நேரம் அவள் படிக்கப் பயன்படுமானால், கூம்பு மூடி பரணுக்குப் போனாலும் கவலையில்லை. மண்சட்டியின் சுவைதான் வேண்டும் என்போர், தாமே தணல் காக்கட்டும்.

எல்லையறியா மணம்

இறுதியாக ஒரு செய்தி. மொராக்கோவும் அல்ஜீரியாவும் அண்டை நாடுகள். ஒரே அமாசிக வேர், ஒரே அரபு மொழி, ஒரே அடுப்பு. 1994-ல் அவற்றுக்கு இடையே உள்ள நிலவழி எல்லை மூடப்பட்டது. 2021-ல் அல்ஜீரியா தூதரக உறவையே முறித்தது. இடையிலே, 2020-ல், ஒரு விந்தை நடந்தது! தஜீன் வேகும் வீடுகளிலேயே வெள்ளிதோறும் ஆவியிலே வேகும் 'கூஸ்கூஸ்' என்னும் கோதுமை ரவைச் சோற்றை, மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்கவேண்டுமென அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மோரித்தானியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து கேட்டன, யுனெஸ்கோ ஏற்றது. ஒரு சாலையிலே சேர முடியாத அரசுகள், ஒரு சட்டியிலே சேர்ந்தன!

அரசுகள் பிரிந்த பிறகும் ஆவி சேர்ந்தே எழுகிறது. எல்லைக்கு இப்புறத்துச் சட்டியிலும் அப்புறத்துச் சட்டியிலும் அதே மிளகு, அதே சுக்கு, அதே பட்டை. முள்வேலி மனிதனைத் தடுக்கும்; மணத்தைத் தடுக்குமோ?

தோழர்களே! சட்டி தன் சாட்சியத்தைச் சொல்லி முடித்தது. கலப்பே வளர்ச்சி என்றது. தூய்மை என்பது சிலர் ஏறி நிற்கப் பலரைக் கீழே தள்ளும் சூழ்ச்சி என்றது. அகதிகளும் அடிமைகளும் பெண்களும் வணிகரும் சேர்ந்து ஆக்கியதை, ஆண்டவர் தம் பெயரால் உண்டனர் என்றது. இனித் தீர்ப்பு நம் கையில்.

உங்கள் ஊரிலே கூட்டம் போடுங்கள், பேசுங்கள், எழுதுங்கள், வேண்டியதுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடவர் அடுப்பேற்றி, சேரியென்றும் தெருவென்றும் பாராமல் நண்பரை எல்லாம் அழைத்து, நடுவே ஒரே சட்டியை வைத்து உண்டு பாருங்கள். யாரேனும் முகம் சுளித்தால், 1340-களிலே அந்தப் பயணி கண்ட கலத்தை அவருக்கு நினைவூட்டுங்கள். எழுநூறு ஆண்டுக்கு அருகாகியும் சில வீட்டுத் திண்ணையிலே தனிக்குவளை இருக்கிறதே, அதையும் சுட்டிக் காட்டுங்கள். பிறகு சொல்லுங்கள்:

உடைய வேண்டியது சட்டியன்று, தீட்டு!